வேலையை விடாமல் பைலட் பயிற்சி: பெரிய குடும்பத்தைத் தாங்குபவருக்கு எந்த வழி ஒத்துவரும்?

ஏழெட்டுப் பேர் நம்பியிருக்கும் வீட்டில் சம்பளம் ஒன்றோ ஒன்றரையோதான் வருகிறது என்றால், பைலட் ஆக வேண்டும் என்று வாய் திறந்ததுமே பணம் பற்றிய கேள்விதான் முதலில் வரும். அது பெரிய கேள்விதான். ஆனால் பாதியில் நின்றுபோனவர்களின் பறப்புப் பதிவேடான லாக்புக்கைப் புரட்டினால் இன்னொன்றும் கண்ணில் படும். தேதிகள் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போயிருக்கும். முதலில் ஒரு வாரம், அப்புறம் மூன்று வாரம், அப்புறம் இரண்டு மாதம், கடைசியில் வெற்றுப் பக்கம். பணம் தீர்ந்துபோனதற்கும் பல நேரம் அந்த இடைவெளியே காரணம். மறந்ததைத் திரும்பப் பிடிக்க ஒவ்வொரு தடவையும் இன்ஜின் ஓடும் நேரத்துக்குக் காசு கட்ட வேண்டும். அதனால்தான் கீழே உள்ள வழிகளை, எது எவ்வளவு இடைவெளியை உண்டாக்கும், அந்த இடைவெளி எந்தக் கட்டத்தில் வலிக்கும் என்று பார்த்தே எடைபோட்டிருக்கிறோம்.

எதற்கும் முன் மெடிக்கல்

பள்ளி தேடுவதற்கு முன், முன்பணம் கட்டுவதற்கு முன், வீட்டில் பெரிதாகப் பேசுவதற்கும் முன், பைலட்டுக்கான கிளாஸ் 1 மெடிக்கல் (உடல்தகுதிப் பரிசோதனை) எடுத்துவிடுங்கள். சொந்த ஆசைக்குப் பறக்கும் பிபிஎல் லைசென்ஸுக்குக் கிளாஸ் 2 போதும். சம்பளத்துக்குப் பறக்கும் சிபிஎல்லுக்குக் கிளாஸ் 1 கட்டாயம். கிளாஸ் 2 வாங்கிக்கொண்டு பயிற்சியைத் தொடங்கி, பாதிப் பணம் போன பிறகு கிளாஸ் 1-இல் நிறக்குருடோ காது கேட்கும் திறனோ இசிஜியோ தடுத்தால், இழப்பு வீடு முழுவதையும் அடிக்கும்.

கண்ணாடி போடுவது தடையில்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் தரத்தின்படி கிளாஸ் 1-க்குக் கண்ணாடியுடனோ இல்லாமலோ ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். கவனிக்க வேண்டியவை வேறு: ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். தும்மலுக்குப் போடும் சாதாரண மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை. அவற்றைப் போட்டுக்கொண்டு பறக்கக் கூடாது. நாற்பதை நெருங்குகிறவர்கள் சர்க்கரையையும் கொழுப்பையும் சொந்தமாக ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. மெடிக்கலில் எதையும் மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் லைசென்ஸோடு வேலையும் போகும்.

வயதுக் கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். பன்னாட்டு விமான நிறுவனப் பறப்பில் பைலட்டுக்கு உச்ச வயது 65. 38 வயதில் தொடங்கி நான்கு ஆண்டில் சிபிஎல் வாங்கினாலும் 20 ஆண்டுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. 'வயசாயிடுச்சே' என்ற கவலையை விட, அந்த நான்கு ஆண்டு ஏழு ஆண்டாக நீண்டுவிடுமோ என்ற கவலைதான் நியாயமானது.

விளம்பர மணி வேறு, நிஜ மணி வேறு

ஐகாவோவின் குறைந்தபட்சத் தேவை பிபிஎல்லுக்கு 40 மணி, சிபிஎல்லுக்கு 200 மணி. அங்கீகரித்த பாடத்திட்டத்தில் சிபிஎல் 150 மணி வரை குறையும். நாடுகள் இதன் மேல் தங்கள் எண்ணை வைத்துக்கொள்கின்றன. ஐரோப்பாவில் பிபிஎல் 45 மணி. அமெரிக்காவில் பார்ட் 61 என்ற தளர்வான விதிவழியில் சிபிஎல் 250, பார்ட் 141 விதிப்படி அங்கீகாரம் பெற்ற பள்ளியில் 190. இந்தியாவில் சிபிஎல்லுக்கு 200, அதில் தனிப் பொறுப்பில் (விமானத்தின் தலைமை பைலட்டாக) பறந்தது 100.

வேலைக்குப் போய்க்கொண்டே கற்கிறவர் 40 மணியில் பிபிஎல் முடிப்பது அபூர்வம். 60 முதல் 70 மணி என்று எழுதிவைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள். பள்ளியின் தொகை 40-க்குப் போட்டதா 60-க்குப் போட்டதா என்று கேளுங்கள். எந்த மீட்டரை வைத்து பில் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். ஹாப்ஸ் மீட்டர் பொதுவாக இன்ஜின் ஓடும் நேரம் முழுவதையும் எண்ணும். டேக் மீட்டர் இன்ஜின் சுற்றும் வேகத்தைப் பொறுத்து எண்ணுவதால், தரையில் மெதுவாக ஓடும்போது குறைவாகக் காட்டும். நெரிசலான விமான நிலையத்தில் ஓடுபாதைக்காக 15 நிமிடம் காத்திருந்தால், ஹாப்ஸில் அந்த 15 நிமிடமும் முழுதாக உங்கள் கணக்கில் ஏறும். மணிக்கட்டணம் சற்றுக் கூடினாலும் போக்குவரத்து குறைந்த சிறு நிலையம் மொத்தத்தில் மலிவாக முடிவது இதனால்தான்.

முதல் வழி: வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பாடம்

பயிற்சி என்ற அளவில் பார்த்தால் இதுதான் சிறந்தது. நாள்தோறும் பறந்தால் மறக்க நேரமில்லை, மணியும் குறைகிறது. ஆனால் குடும்பத்தைத் தாங்குகிறவருக்கான செலவு, பள்ளி கேட்கும் கட்டணத்தோடு நிற்பதில்லை. படிக்கும் ஒன்றரை ஆண்டின் வீட்டுச் செலவு, லைசென்ஸ் வந்த பிறகு வேலைக்குக் காத்திருக்கும் ஓராண்டின் வீட்டுச் செலவு, விமான நிறுவனம் கேட்டால் ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737-க்கான டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதிப் பயிற்சி), இத்தனையும் சேர்த்தால்தான் நிஜத் தொகை. வீட்டில் இன்னொருவர் நிலையாகச் சம்பாதிக்கிறார், அல்லது 30 மாதச் செலவு கையில் இருக்கிறது என்றால் யோசிக்கலாம். வீட்டை அடமானம் வைத்து இந்த வழியில் இறங்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து. காத்திருக்கும் காலம் எவ்வளவு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. தவணைத் தேதி காத்திருக்காது.

வெளிநாடு போய்ப் படிக்க நினைப்பவர்கள் விசா விதியை முதலில் வாசிக்க வேண்டும். அமெரிக்காவின் எம்-1 மாணவர் விசாவில் படிக்கும் காலத்தில் வேலை செய்ய அனுமதி கிடையாது. வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவருக்கு அந்தக் கதவு அங்கேயே மூடிவிடுகிறது. திரும்பி வந்ததும் சொந்த நாட்டு லைசென்ஸாக மாற்ற, தேர்வுகளும் சரிபார்ப்பும் சேர்ந்து இன்னும் சில மாதங்கள் ஆகும்.

விமான நிறுவனங்களின் கேடட் திட்டம் (தாங்களே ஆளெடுத்துப் பயிற்றுவிப்பது) இதன் இன்னொரு வடிவம். இப்படிச் சில திட்டங்கள் தரும் எம்பிஎல் என்ற லைசென்ஸுக்கு 240 மணி. அதில் பெரும்பகுதியை சிமுலேட்டரிலேயே முடிக்கலாம். வேலை ஓரளவு கண்ணுக்குத் தெரிகிறது என்பது பெரிய ஆறுதல். ஆனால் அந்த லைசென்ஸ் குறிப்பிட்ட நிறுவனத்தின் தேவைக்கு வெட்டித் தைத்தது. அவர்கள் ஆள் எடுப்பதை நிறுத்தினால், சிபிஎல் வைத்திருப்பவரைப் போலச் சிறு விமானங்களில் வேறு வேலைக்கு நேராகத் திரும்ப முடியாது. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு பிணை, நடுவில் மெடிக்கல் போனால் பணம் யார் பொறுப்பு என்ற இரண்டு வரிகளையும் தேடிப் படியுங்கள்.

இரண்டாம் வழி: வார இறுதிப் பயிற்சி

பெரும்பாலோர் முதலில் நினைப்பது இதைத்தான். சம்பளம் நிற்காது, பணமும் மாதாமாதம் சிறிது சிறிதாகப் போகும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஆண்டில் 52 வாரம். வாரம் ஒரு பறப்பு, ஒவ்வொன்றும் சுமார் 1.1 மணி. மேகம், காற்று, விமானம் பராமரிப்பில் நிற்பது, பயிற்றுநரின் விடுப்பு, வீட்டில் காய்ச்சல், உறவில் கல்யாணம் என்று கழித்தால் 30 பறப்பு தேறும். அதாவது ஆண்டுக்கு 33 மணி. பிபிஎல்லுக்கே இரண்டு ஆண்டு. இந்த வேகத்திலேயே போனால் 200 மணிக்கு ஆறு ஆண்டு. இந்திய சிபிஎல் விதியோ, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் பறந்த 200 மணியைக் கேட்கிறது. அதோடு தனிப் பொறுப்பு மணியில் 15 கடைசி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். மெதுவாகப் போகிறவரின் பழைய மணிகள் பின்பக்கமாக உதிர்ந்துகொண்டே வரும்.

ஒரு மணிப் பறப்புக்கு வீடு கொடுக்கும் நேரத்தையும் பாருங்கள். போய்வர ஒன்றரை மணி. பயிற்றுநருடன் பேச்சு 20 நிமிடம். விமானத்தைச் சுற்றிப் பார்த்துச் சோதிக்க 25 நிமிடம். புதிய செஸ்னா 172-இல் எரிபொருள் மாதிரி எடுக்கும் வால்வுகள் மட்டும் 13. ஒவ்வொரு இறக்கையின் கீழும் ஐந்து, வயிற்றுப் பகுதியில் மூன்று. ஒவ்வொன்றிலும் சிறிது பிடித்து, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆயில் ஐந்து குவார்ட்டுக்குக் (சுமார் 4.7 லிட்டர்) கீழே இருந்தால் கிளம்பவே கூடாது. பறந்து இறங்கிய பின் கட்டிவைத்து, கணக்கெழுதி, மறுபடி 20 நிமிடப் பேச்சு. லாக்புக்கில் 1.1 ஏற, ஞாயிற்றுக்கிழமையில் நான்கு மணி நேரம் போயிருக்கும். இதை வீட்டில் ஆரம்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 'ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்' என்று சொல்லிப் போனால் மூன்றாவது வாரத்திலேயே மனத்தாங்கல் தொடங்கிவிடும்.

இந்த வழி எங்கே முறிகிறது? தனியாகப் பறப்பதற்கு முந்தைய கட்டத்தில். தரையிறங்கும்போது மூக்கைத் தூக்கும் அந்தக் கடைசி சில நொடிகள் கண்ணும் கையும் சேர்ந்து பழகுவது. மூன்று வார இடைவெளிக்குப் பின் வருகிறவர் பொதுவாக ஓடுபாதையை எட்டும் முன்பே தூக்கிவிடுவார். விமானம் பலூன்போல மேலே மிதக்கும், வேகம் வற்றும், பின் தொப்பென்று விழும். பயிற்றுநர் பிடித்துக்கொள்வார், ஆனால் அன்றைக்கு ஏறி இறங்கும் ஐந்து சுற்றும் போன மாதம் வந்த இடத்துக்குத் திரும்பி வருவதற்கே செலவாகிவிடும். அமெரிக்க விதியில் மாணவருக்கான சோலோ (தனியாகப் பறக்கும்) அனுமதிக் கையெழுத்து 90 நாளில் காலாவதியாவதும் இதற்காகத்தான்.

அதே வார இறுதி முறை, பிபிஎல் வாங்கிய பிறகு மணி சேர்க்கும் கட்டத்தில் அருமையாகப் பொருந்தும். அப்போது புதிதாகக் கற்க அதிகம் இல்லை, கற்றதைத் தீட்டுகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேர க்ராஸ் கன்ட்ரி (வேறு ஊர் நிலையத்துக்குப் பறப்பது) போனாலும் கை துருப்பிடிக்காது. வீட்டைச் சுற்றியே வட்டமடித்து மணியை எரிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய நிலையம், நடுவழியில் பாதை மாற்றும் ஒரு பயிற்சி, காற்றுத் திருத்தத்தைக் கையால் கணக்கிட்டு விமானத்தில் சரிபார்ப்பது என்று ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். சிபிஎல்லுக்குக் கேட்கும் 540 கிலோமீட்டர் நீண்ட பறப்பையும் இந்தக் கட்டத்தில் முடித்துவிடலாம்.

வார நாளில் சூரியன் எழும் நேர ஸ்லாட் கிடைத்தால் விடாதீர்கள். காற்று அடங்கியிருக்கும், வெயிலின் தூக்கல் இருக்காது, அலுவலகத்துக்கும் நேரத்தோடு போய்விடலாம். மாலை ஸ்லாட்டில் ஒருநாள் வேலையின் களைப்போடு உட்கார்ந்தால், கட்டும் காசில் பாதிதான் மண்டையில் ஏறும். இரவு ஷிஃப்ட் முடித்த காலையில் பறக்கவே வேண்டாம். ஸ்லாட்டை ரத்து செய்த அபராதம் போனால் போகட்டும்.

மூன்றாம் வழி: படிப்பு வேலையோடு, பறப்பு விடுமுறையில்

எங்கள் கணிப்பில் பெரிய குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஒத்துவருவது இதுதான். முதல் எட்டு, பத்து மாதம் விமானத்தின் பக்கமே போகாமல் வேலையைச் செய்துகொண்டே தியரி படிப்பது: நேவிகேஷன், வானிலை, விதிமுறைகள், டெக்னிக்கல், ரேடியோ. அந்த மாதங்களில் பயிற்சிப் பணமும் சேர்கிறது. தேர்வுகளை முடித்துவிட்டு, சேர்த்து வைத்த விடுப்பில் நான்கு முதல் ஆறு வாரம் முழுமூச்சாகப் பறப்பது.

இதற்கும் கணக்கு உண்டு. நான்கு வாரம், வாரம் ஆறு நாள், நாளுக்கு இரண்டு பறப்பு என்றால் காகிதத்தில் சுமார் 53 மணி. வானிலைக்கும் பராமரிப்புக்கும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 35. வார இறுதிக்காரரின் ஓராண்டு இங்கே ஒரு மாதத்தில் முடிகிறது, அதுவும் மறதி இல்லாமல். நாளுக்கு மூன்றாவது பறப்பைப் பள்ளி கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூளை நிரம்பிவிட்ட பிறகு பறப்பது லாக்புக்குக்கு மட்டும்தான்.

தவறும் இடங்கள் நான்கைந்து இருக்கின்றன. விடுப்பு மழைக்காலத்திலோ மூடுபனிக் காலத்திலோ விழுந்தால் எல்லாம் வீண். நிலையத்தின் வானிலையைப் பார்த்துத்தான் விடுப்பு கேட்க வேண்டும். பள்ளியில் ஒரே ஒரு விமானம் இருந்து அது 100 மணிப் பராமரிப்புக்குப் போனால் ஒரு வாரம் பறிபோகும். ஒரே ரக விமானம் குறைந்தது மூன்று உள்ள இடமாகப் பாருங்கள். பயிற்றுநரும் உங்களுக்காக அந்த மாதம் ஒதுக்கப்பட்டவராக இருக்க வேண்டும். நடுவில் ஆள் மாறினால் புதியவர் உங்களைப் புரிந்துகொள்ளவே மூன்று பறப்பு போகும். பலர் கோட்டைவிடுவது பறப்புத் தேர்வை நடத்தும் தேர்வாளரின் தேதியில். விடுப்பின் கடைசி வாரத்துக்கு முன்கூட்டியே தேதி வாங்காவிட்டால், தேர்வுக்குத் தயாரான நிலையில் வேலைக்குத் திரும்ப வேண்டிவரும். இரண்டு மாதம் கழித்து வந்து, மறந்ததை மீட்க ஐந்தாறு மணி கூடுதலாகப் பறக்க வேண்டும்.

தியரித் தேர்வுகளுக்கும் ஆயுள் உண்டு என்பதை மறக்காதீர்கள். அமெரிக்காவில் எழுத்துத் தேர்வு முடிவு 24 மாதம் செல்லும். ஐரோப்பாவில் விமான நிறுவன பைலட்டுக்கான ஏடிபிஎல் தியரியின் 13 பாடங்களையும் முதல் தேர்விலிருந்து 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சீக்கிரம் எழுதிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருந்தால் படித்த உழைப்பு காலாவதியாகிவிடும். பணம் ஒரு கட்டத்துக்கு முழுதாகச் சேரும் மாதத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் தேர்வைத் திட்டமிடுங்கள்.

விடுப்புக்கு முந்தைய மாதம் நாற்காலிப் பறப்பு. காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு, இரவு எல்லோரும் தூங்கிய பின் 20 நிமிடம். தரையிறங்கும் வரிசை இப்படி: ஓடுபாதையின் தொடக்கத்துக்கு நேர் பக்கவாட்டில் வந்ததும் பவர் 1500 ஆர்பிஎம், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) 10 டிகிரி. திரும்பியதும் 20, வேகம் 70 நாட். கடைசி நேர்கோட்டில் 30, வேகம் 65. கை அந்தந்த இடத்துக்குப் போக வேண்டும், வாய் ரேடியோ வாசகத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எண்கள் உங்கள் பள்ளியின் விமானத்துக்கும் நடைமுறைக்கும் தக்கபடி மாறும். இடைவெளி விழுந்தால் முதலில் மறப்பது இந்த வரிசையும் ரேடியோவும்தான். இவற்றுக்கு இன்ஜின் தேவையில்லை, இலவசமாகவே காப்பாற்றிக்கொள்ளலாம்.

பிபிஎல்லுக்கு ஒன்று அல்லது இரண்டு விடுமுறைத் தொகுதி, நடுவில் வார இறுதிகளில் மணி சேர்ப்பு, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதி) ஒரு தொகுதி, சிபிஎல் தேர்வுக்கு ஒன்று என்று கலந்து போனால் மூன்றரை, நான்கு ஆண்டில் முடிக்கலாம். இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சியை மட்டும் வார இறுதிக்கு ஒருபோதும் தள்ளாதீர்கள். கருவிகளை வரிசையாகக் கண்ணால் வருடும் பழக்கம் இரண்டு வாரத்திலேயே மங்கிவிடும். அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டர் மணிகளை அந்தப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம். மலிவானது, மழைக்கும் நிற்காது.

நான்காம் வழி: பிபிஎல்லோடு நின்று பார்ப்பது

இதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். பிபிஎல் வாங்கி ஓராண்டு பறந்த பிறகு, வீட்டின் நிலை, உடல், மனம் மூன்றையும் பார்த்து முடிவெடுக்கலாம். சேர்த்த மணிகள் லாக்புக்கில் இருக்கும் (இந்தியாவின் ஐந்தாண்டுக் கணக்கு போன்ற வரம்புகளை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்). விமான நிறுவன வாழ்க்கை என்பது வாரத்தில் பல இரவு வெளியூரில் தங்குவது. வயதான பெற்றோரும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டில், சிபிஎல்லும் பயிற்றுநர் தகுதியும் பெற்று வார இறுதிப் பயிற்றுநராக இருப்பதும் நல்ல முடிவு. வேலை நிலைக்கும், பறப்புக்குக் காசு கொடுப்பது போய்க் காசு வரத் தொடங்கும், மணியும் ஏறும்.

பணமும் பாலிசியும்

எந்த வழியானாலும் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் பயிற்சிக் கணக்கைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் இருந்தால் ஒரு மருத்துவமனை பில்லில் இரண்டும் கரையும். ஒரு கட்டத்தை முழுதாக முடிக்கும் பணமும், அதன் மேல் 25 முதல் 30 சதவீதமும் கையில் வரும் வரை அந்தக் கட்டத்தின் முதல் பறப்பைத் தொடங்காதீர்கள். தரையிறங்கும் கட்டணம், எரிபொருள் கூடுதல், தேர்வாளர் கட்டணம், மறுதேர்வு, ஹெட்செட், தங்குமிடம் எல்லாம் அந்தக் கூடுதலில்தான் போகும்.

முழுத் தொகையையும் முன்னால் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். பள்ளி மூடினாலோ விமானம் மாதக்கணக்கில் நின்றாலோ முன்பணம் திரும்பி வருவது மிகக் கடினம். பத்து மணிக்கு மேல் முன்பணம் வேண்டாம். பறக்காத மணிக்குப் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து ஆயுள் காப்பீடு. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பல பாலிசிகள் டிக்கெட் வாங்கிப் பயணியாகப் போவதை மட்டும் ஏற்கும். மாணவ பைலட்டாகவோ பைலட்டாகவோ பறக்கும்போது நேர்வதை விலக்கிவைக்கும். முதல் பறப்புக்கு முன் பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்து, நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டி, ஒப்புதலைக் காகிதமாக வாங்கிவையுங்கள். பள்ளியின் காப்பீடு உங்களையும் சேர்க்கிறதா, விமானத்தை மட்டுமா என்றும் கேளுங்கள்.

விடுமுறைத் தொகுதிக்குப் போகும் முன் வீட்டில் ஒரு தாளில் பெயர் போட்டு எழுதுங்கள்: பள்ளிக்கூடம் யார், மருந்து யார், மின்கட்டணம் யார், இரவில் அவசரம் என்றால் யார் முதலில் ஓடுவது. பறப்பு நேரத்தில் ஃபோன் அணைந்திருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் வீடு யாரை அழைக்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். அந்த நபரின் எண்ணைப் பள்ளி அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு விமானத்துக்குப் போங்கள்.